வண்டிக்கு ஒரு கால்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எதிர்வீட்டுக் கேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"வண்டிக்கு ஒரு காலு வோணும்."

அவ்வளவுதான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார். என் வீட்டுப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, தன் ஜீப்பைப் பார்த்தபடி சொல்லிவிட்டு நிற்பார். காதில் கேட்டவர்கள் வரட்டும், யாரும் வராவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது என்கிற மாதிரி ஒரு நிற்பு. நான் பேப்பரை மடித்து வைப்பேன். என் மனைவி அடுப்படியிலிருந்து, "போங்க, உங்க காலைக் கேக்கறாங்க" என்பாள்.

திருநின்றவூரில் அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்தோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டிஸ்பாட்ச் வேலை. வாரத்தில் ஆறு நாள் ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வருகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. எதிர்வீட்டில் அவர் தனியாக இருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஜீப் அக்கா'. எனக்கும் அக்காதான். ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில், பைப் மாட்டுகிற பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, கழித்துக்கட்டிய ராணுவ ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து வாசலில் நிறுத்திவிட்டார். என் வயதைவிட அதற்கு வயது அதிகம். பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருக்கும். எஞ்சின் நன்றாகவே ஓடியது. நிற்பதற்குத்தான் வழியில்லை. பிரேக் பைப்புகள் எல்லாம் துருப்பிடித்து அரித்துப் போயிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அக்கா மாற்றிக்கொண்டிருந்தார்.

பிரேக் பைப் மாற்றினால் உள்ளே புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறக்க வேண்டும். எண்ணெயும் காற்றுமாக நுரைத்துக்கொண்டு வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் மிதித்தவர் காலை எடுக்கலாம். முந்திக்கொண்டு எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஜீப்பில் என் உத்தியோகம் இந்த மிதிப்புதான்.

"அமுக்கு."

அமுக்குவேன்.

"புடி."

பிடித்துக்கொண்டிருப்பேன்.

"உடு."

விடுவேன். ஒரு சக்கரத்துக்கு இருபது முப்பது தடவை. நைட்டிக்கு மேல் பழைய தொழிற்சாலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அக்கா ஒரு கோணியை விரித்துக் கீழே படுத்திருப்பார். எனக்குத் தெரிவதெல்லாம் அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும். தெருவில் போகிறவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆம்பளை மேலே சொகுசாக உட்கார்ந்திருக்க, வயசான பொம்பளை வண்டிக்கு அடியில் கிடக்கிறாளே என்று மூன்றாம் வீட்டுக்காரர் என்னிடமே சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் இடத்தை மாற்றிக்கொள்ள எனக்குத் தெரியாதே.

அக்கா யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். காஸ் சிலிண்டரை வாசலில் இறக்கிவிட்டுப் போனால், படியில் பலகை சாய்த்து உருட்டிக்கொண்டு போவார். கறிவேப்பிலை இல்லையென்றால் கறிவேப்பிலை இல்லாமல் தாளிப்பார். வண்டிக்கு என்று வரும்போதும் கால் வேண்டியது வண்டிக்குத்தான், தனக்கில்லை.

ஒரு தடவை எங்கள் பால்காரர், "எதிர்வீட்டு அக்கா ஒரு வாரத்துக்குப் பால் வேணாம்னுட்டாங்க, ஊருக்குப் போறாங்களா?" என்று கேட்டார். ஊருக்குப் போகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. என் மனைவி போய்ப் பார்த்தாள். அக்கா காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். எழுந்து பால் காய்ச்ச முடியாது என்று பாலையே நிறுத்தியிருக்கிறார்.

"ஏங்க்கா, ஒரு குரல் குடுத்தா என்ன?" என்று இவள் சத்தம் போட்டிருக்கிறாள்.

"நீ இன்னா வேலையா கீறியோ. காய்ச்சல்தானே, வந்த வயில பூடும்" என்றாராம்.

மூன்று நாள் ரசமும் கஞ்சியும் இங்கிருந்து போனது. பாத்திரம் திரும்பி வந்தபோது, வருஷக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்த அதன் கைப்பிடி கெட்டியாக இறுகியிருந்தது. "இவங்களுக்கு ஒண்ணு செஞ்சா உடனே திருப்பிச் செஞ்சுடறாங்க, எனக்குப் பிடிக்கவே இல்ல" என்று என் மனைவி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

ஏரி நிரம்பித் தெருவில் தண்ணீர் வந்த வருஷம் எங்கள் வீடு கொஞ்சம் உயரம் என்பதால் தப்பித்தது. அவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். காலையில் ஜன்னலைத் திறந்தால், அக்கா ஜீப்பில் டிரைவர் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் ஸ்டவ்வை வைத்து டீ போட்டுக்கொண்டிருக்கிறார். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்திருக்கிறார்.

"கதவைத் தட்டியிருக்கலாமேக்கா!" என்று கத்தினேன்.

"இன்னாத்துக்கு? சீட்டு ஒசரமாத்தான் கீது" என்றார். டம்ளரைத் தூக்கிக் காட்டி, "டீ குடிக்கிறியா?" என்று வேறு கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

பின்பக்க அச்சில் ஆங்கில T எழுத்து மாதிரி ஒரு பித்தளை 'டீ' இருக்கும். ஒரு பைப்பாக வருவதை இரண்டாகப் பிரித்து இரண்டு சக்கரத்துக்கும் அனுப்புகிற மூன்று வாய்த் துண்டு. அந்த ஜீப்பின் டீயில் திருகுமரை அங்குலக் கணக்கில் வெட்டியது. இப்போது வருவதெல்லாம் மில்லிமீட்டர். அந்த ஒரு துண்டுக்காக அக்கா பூந்தமல்லி, பாடி, புதுப்பேட்டை என்று அலைந்தார். என் பைக்குக்கு ஒரு சாமான் வாங்க வேண்டியிருந்ததால் ஒரு தடவை புதுப்பேட்டைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் ஒரு டீயை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இத்த போடும்மா. அதும் இதும் ஒண்ணுதான்."

அக்கா இடுப்புப் பையிலிருந்து பழைய நட்டை எடுத்து அதில் வைத்து விரலால் திருகினார். இரண்டு சுற்று போனது. எனக்கே பொருந்திவிட்டதாகத்தான் பட்டது. மூன்றாவது சுற்றில் லேசாக ஆட்டிப் பார்த்தார். ஒரு நூல் அளவு ஆடியது. கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கிவிட்டார்.

"இன்னாம்மா நீ, டேப் சுத்திப் போட்டா நிக்கப்போவுது" என்று கடைக்காரர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"நிக்கும். வண்டி நிக்கச்சொல்ல நிக்காது" என்று திரும்பாமலே சொன்னார்.

ரயிலில் திரும்பும்போது, வேறு கடைகளில் போனில் விசாரிக்கச் சொல்லி என் நண்பர்களைக் கேட்கட்டுமா என்றேன். "வாணாம், அவங்களுக்கு ஆயிரம் வேலை கீது" என்றார். அடுத்த மாதம் அவரே எங்கிருந்தோ சரியான டீயைக் கொண்டுவந்தார். மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றி, சாமி மாடத்தில் வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

நேருக்கு நேர் உட்கார்ந்தால் அக்கா பேச மாட்டார். வண்டிக்கு அடியில் போனால் பேசுவார். அவருடைய வாழ்க்கையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரேக் மிதித்துக்கொண்டே கேட்டதுதான்.

"எனக்குக் கண்ணாலம் ஆனப்போ இருவத்திரெண்டு வயசு. அமுக்கு. ஏயு மாசம்தான். பாக்டரிலயே கிரேன் சங்கிலி அறுந்து அவரு பூட்டாரு. புடி. அவரு வேலையை எனக்குக் குட்த்தாங்க. உடு."

நான் காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழேயிருந்து எண்ணெய் சொட்டுகிற சத்தம் வரும்.

"மொத நாளு பைப் வளைக்கத் தெரியாம அயுதுகினு நின்னேன். யாரும் சொல்லித் தர்ல. நானும் கேக்கல. அமுக்கு. கேட்டா, புருஷனை முயுங்கிட்டு வந்தவ நம்மகிட்ட இளிக்கறாம்பானுங்க. புடி. அதுலருந்து வந்த பயக்கம் தம்பி இது. உடு."

ஏன் ஜீப் வாங்கினீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். நிப்பிளை இறுக்கி மூடிவிட்டுச் சொன்னார்.

"முப்பத்தஞ்சு வருஷம் மாட்டினேன். எல்லா வண்டியும் வேற யாரோ ஓட்டிகினு பூடுவாங்க. நான் பைப் மாட்டின ஒரு வண்டில கூட நான் குந்தினது இல்ல. ஒண்ணுல குந்தி ஒரு ரவுண்டு வர்ணும், அவ்ளோதான். அமுக்கு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மிதித்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஏதோ நினைப்பில் காலை எடுத்துவிட்டேன். நிப்பிள் திறந்திருந்தது. அத்தனை நேரம் எடுத்த காற்று ஒரே மூச்சில் உள்ளே போய்விட்டது. திட்டு விழும் என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வெளியே வந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"காத்து பூந்துச்சி. பரவால்ல, வர்ற வாரம் மொதல்லேந்து எடுக்கலாம்" என்றார். உள்ளே போய் டீ போட்டார். அன்றைக்குத் தட்டில் முறுக்கு வேறு இருந்தது. எவ்வளவு பொறுமை என்று வியந்தேன். மரமண்டை என்று என்னைச் சொன்னால் தகும்.

இப்படி ஐந்து மாதம் போனது. ஒரு வாரம் ஒரு பைப் மாற்றுவார். அந்தச் சக்கரத்துக்குக் காற்றெடுப்போம். அடுத்த வாரம், நட்டில் ஈரம் தெரிகிறது என்பார். இறுக்குவார். மறுபடி காற்றெடுப்போம். "ஒரு நாளைக்கு ஒரு சக்கரம்தான்" என்பது அவருடைய கணக்கு. வேலையில் அவ்வளவு கறார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. "அஞ்சு மாசமா ஞாயித்துக்கிழமை ஆனா உங்க கால் அங்கதான். குழந்தையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போறேன்னு சொல்லி எத்தனை வாரம் ஆச்சு?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. எனக்கும் அலுத்துப்போயிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு நாள் ரயிலில் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு சாமான் கண்ணில் பட்டது. ஒரு பாட்டில், ஒரு ட்யூப், ஒரே பக்கம் போகவிடுகிற சின்ன வால்வு. அதை நிப்பிளில் மாட்டிவிட்டால் காற்று வெளியே போகும், திரும்பி வராது. மிதிக்க ஒருவர், மூட ஒருவர் என்று வேண்டாம். இன்னொரு ஆளின் துணையில்லாமல் ஒருவரே செய்துகொள்ளலாம் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். அங்கேயே ஆர்டர் செய்துவிட்டேன். என்னைப்போலப் புத்திசாலி அந்த ரயிலிலேயே இல்லை என்று நினைப்பு.

பார்சல் வந்ததும் கொண்டுபோய் நீட்டினேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒத்த ஆளு போதுமா இதுக்கு?"

"போதும்க்கா. இனிமே நீங்க யாருக்காகவும் காத்துக்கிட்டு நிக்க வேணாம்."

"அப்டியா."

வால்வில் வாயை வைத்து ஊதிப் பார்த்தார். சரியாக வேலை செய்தது. அவரால் குறை சொல்ல முடியவில்லை.

"நல்லா கீது தம்பி. நல்ல யோசனை" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்குக் குரல் வரவில்லை. நாங்கள் மூவரும் கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் தின்றுவிட்டு வந்தோம். ஐந்து மாதமாக முடியாத வேலை அன்று மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டிருந்தது. நான்கு சக்கரமும். சாயங்காலம் ஜீப்புக்கடியில் கோணி இல்லை. தரை கழுவிவிட்டிருந்தது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பல நாள் கழித்து, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என் பைக்கைப் பார்க்கிற மெக்கானிக்கிடம் இந்தக் கதையை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எவனாவது ஒரு பைப்புக்கு ஒரு தபா காத்தெடுப்பானா சார்? எல்லாத்தியும் மாத்திட்டு கடைசியா ஒரே தபா எடுப்பாங்க. அரை நாள் வேலை அது."

முப்பத்தைந்து வருஷம் பைப் மாட்டியவருக்கு அது தெரியாதா? நட்டில் ஈரம் இருந்ததா என்று ஒரு தடவைகூட நான் குனிந்து பார்த்ததில்லை. பொய்யாக ஒரு சாமானைக் குறை சொல்கிறவர் அல்ல அக்கா. ஆனால் ஒரே நாளில் எடுக்க வேண்டிய காற்றை ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பங்கு போட்டு வைத்திருந்தார். வா என்று சொல்ல வாய் வராதவருக்கு அது ஒன்றுதான் வழி. அந்த வழியைத்தான் நான் பார்சலில் வரவழைத்து அடைத்தேன்.

இதெல்லாம் அந்த மெக்கானிக் சொன்ன பிறகு வந்த புத்தி. அதற்கு முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கடற்கரைக்குப் போய்வந்த அடுத்த ஞாயிறு, அக்கா ஜீப்பைத் தெருவுக்கு எடுத்தார். இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தார். அவரைப் புடவையில் நான் அதிகம் பார்த்ததில்லை. "வண்டி ரெடி. குந்து" என்றார். பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு பட்டாபிராம் போகிற சாலைக்கு வந்தோம். ஆளில்லாத இடமாகப் பார்த்து வேகமெடுத்து, ஒரே மிதி மிதித்தார். இந்தப் பக்கமும் இழுக்காமல், அந்தப் பக்கமும் இழுக்காமல், கோடு போட்ட மாதிரி நேராக நின்றது ஜீப். நான்தான் முன்னால் போய்க் கண்ணாடியில் முட்டிக்கொண்டேன். அக்கா சிரித்தார். வாயைத் திறந்து சத்தமாகச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"நான் மாட்டினது" என்றார்.

வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தோம். நான் இறங்கிக் கேட்டைத் திறக்கப் போனேன். அக்கா எஞ்சினை நிறுத்தினார்.

"தம்பி."

திரும்பினேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"வர்ற ஞாயித்துக்கெயம மாங்காடு கோயில் வரிக்கும் போலாம்னு கீறேன். வண்டில வேலை ஒண்ணியும் இல்ல. சும்மாத்தான். நீ எங்கூட வர்றியா?"

வார்த்தைகள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பசித்தது. நெற்றி வேறு வலித்தது.

"பார்க்கறேன்க்கா" என்றேன்.

நம்மிடம் 'பார்க்கிறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"செரி" என்றார்.

அடுத்த ஞாயிறு எனக்கு ஒரு வேலையும் இல்லை. கல்யாணம், காதுகுத்து, கடற்கரை எதுவும் இல்லை. இருந்தது என்று சொல்லவாவது ஆசையாக இருக்கிறது. ஹாலில் படுத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரை மணிக்கு எதிரே ஜீப் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. உடனே கிளம்பவில்லை. பத்து நிமிஷத்துக்குமேல் எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. வண்டி சூடாகட்டும் என்று விட்டிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. ஜன்னல் திரையை நான் விலக்கவில்லை. பிறகு கியர் விழுந்தது. சத்தம் தெருமுனை வரை போய்த் திரும்பிக் கரைந்தது.

மத்தியானம் என் மகளிடம் கோயில் குங்குமமும் இரண்டு எலுமிச்சம்பழமும் கொடுத்துவிட்டிருந்தார். என்மேல் கோபமெல்லாம் இல்லை. அதன் பிறகும் பார்த்தால் சிரிப்பார். "இன்னா தம்பி, ஆபீஸா?" என்பார். ஒன்றிரண்டு தடவை நானே போய், "எங்கேயாவது போகலாமாக்கா?" என்று கேட்டேன். "உனக்கு ஆயிரம் வேலை கீது, நீ போ" என்று சொல்லிவிட்டார். மெக்கானிக் சொன்னதைக் கேட்ட அன்று ஓட்டமாக வந்தேன். வந்து எதிர்வீட்டுக் கேட்டில் நின்றேன். மோட்டார் போட வேண்டும், தண்ணீர் வருகிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஒரு வருஷத்துக்குள் அக்கா வீட்டை விற்றுவிட்டு, வானகரத்தில் தங்கை மகள் வீட்டு மாடிக்குக் குடிபோனார். சாமான் வண்டிக்கு முன்னால் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்து சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய மிக்ஸி இருந்தது. சில வருஷம் கழித்து அங்கேயே போய்ச் சேர்ந்தார் என்று காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியிலும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லையாம்.

இப்போது நாங்களும் அந்தத் தெருவில் இல்லை. எப்போதாவது அந்தப் பக்கம் போனால் மூன்றாம் வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வார். "ஜீப் அக்கா மாதிரி ஒரு மனுஷி கிடையாது சார். ஒருத்தரை ஒண்ணு கேட்டதில்ல, கடைசி வரைக்கும்" என்பார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வருகிறேன்.

கேட்டார். ஒரே ஒரு தடவை. என்னைத்தான் கேட்டார்.